வன்னியில வெறும் டிவிடி மலிவா எடுக்கிறதெண்டால் எதைப் பாத்து எடுக்கிறது?

நந்திக்கடல்:
சாமத்திய வீடு, கலியாண வீடு, கோயில் திருவிழா வீடியோ அடிச்சுக் குடுக்கிற வேலை. பென் டிரைவ் குடுத்தாலும் வீட்டில வயசுபோன ஆக்கள் பிளேயரில போட்டுப் பாக்கத் தட்டும் வேணுமெண்டு கேக்கினம். மாதம் 40, 50 தட்டுப் போகும். இப்ப எடுக்கிற பெயரில்லாத தட்டு லப்டொப்பில ஓடுது, பிளேயரில கடைசிப் பதினைஞ்சு நிமிசம் சதுரம் சதுரமா உடையுது. சிலது அடிக்கேக்கையே நடுவில நிக்குது. வவுனியாவிலயோ கொழும்பிலயோ 50 தட்டுப் பெட்டியா எடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். எந்தப் பெயர்? மைனஸ் ஆரோ (DVD-R), பிளஸ் ஆரோ (DVD+R)?

ஏ9 வீதி:
தம்பி, மட்டையில இருக்கிற பெயரை வைச்சு முடிவெடுக்காதேங்கோ. பெயர் போட்டு விக்கிறவன் ஒருத்தன், தட்டைச் செய்யிறவன் இன்னொருத்தன். ஒரே பெயரில ரெண்டு பெட்டி எடுத்தா ரெண்டும் வேற வேற ஆலைச் சரக்கா இருக்கலாம். செய்தவன் ஆர் எண்டது தட்டுக்குள்ளயே குறியீடா இருக்கும். வெறும் தட்டை றைட்டரில போட்டு இமேஜ்பேர்ன் (ImgBurn) எண்ட தட்டு அடிக்கிற மென்பொருளைத் திறந்தா வலப்பக்கத்தில 'டிஸ்க் ஐடி' எண்டு காட்டும். 'சிஎம்சி மேக்' எண்டு தொடங்கினா தாய்வானின் சிஎம்சி கொம்பனி. 'எம்சிசி' எண்டால் மிற்சுபிசி கெமிக்கலின் குறியீடு, வெர்பாட்டிம் ஏசோ (AZO, உள்ள பூசிற சாயத்தின்ர பெயர்) தட்டுகளில வாறது அதுதான். வெர்பாட்டிமிலயே 'லைஃப் சீரிஸ்' எண்டு மலிவாப் போட்டதில சிஎம்சி குறியீடு வந்திருக்கு. பெட்டியில 'ஏசோ' எண்டு அடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ.

சிஎம்சி எண்டாலே குப்பை எண்டு முந்திச் சொல்லுவினம். இப்ப அந்தப் பேச்சு சரிவராது. பேர்போன யப்பான் தையோ யூடன் 2015 கடைசியோடை தட்டுச் செய்யிறதை நிப்பாட்டினது, அந்த நுட்பம் சிஎம்சியிட்டைப் போட்டுது. 2019 இல வெர்பாட்டிம் தட்டு வியாபாரத்தையும் சிஎம்சிக்கு விக்கிறதா மிற்சுபிசி அறிவிச்சது. இந்தியாவில தட்டுச் செய்த மோசர் பேயர் 2018 இல கலைப்புக்குப் போனது, அந்தப் பெயரில கண்டா பழைய சரக்கெண்டே நினைச்சு விடுங்கோ. வெறும் தட்டுக்கும் வயசு இருக்கு, உள்ள பூசின சாயம் அடிக்காமலே கெடும்.

வாங்கிற முறை இதுதான். முதல் ஒரு தட்டு, இல்லாட்டி 10 தட்டுப் பெட்டி எடுத்துக் குறியீட்டைப் பாருங்கோ, முழுசா அடிச்சு வெரிஃபை (எழுதினதைத் திரும்ப வாசிச்சுச் சரிபாக்கிறது) பண்ணுங்கோ. சரியெண்டால் அதே நாள் அதே கடையில, அதே தொகுதி இலக்கம் உள்ள 50 பெட்டியை எடுங்கோ. அடுத்த மாதம் போனா வேற தொகுதி வந்திருக்கும். வெயில் படுற கண்ணாடி அலுமாரியில அடுக்கின பெட்டி வேண்டாம். விலையைத் தேறின தட்டுக்குத்தான் கணக்குப் பாக்க வேணும்: 50 இல 5 பிழைச்சா ஒண்டு 11 வீதம் விலை ஏறின மாதிரி. அடிச்ச நேரம் வேற.

மாங்குளம் சந்தி:
கடைசியில உடையிறதுக்குக் காரணம் இருக்கு. டிவிடி உள்வட்டத்தில தொடங்கி வெளிவிளிம்புக்கு எழுதும். மலிவுத் தட்டில விளிம்புப் பக்கம் சாயம் சீராப் பரவாது, தட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும். கணினி றைட்டர் பிழையைத் திரும்பத் திரும்ப வாசிச்சுச் சமாளிக்கும், பழைய பிளேயருக்கு அந்தப் பொறுமை இல்லை. அதால விளிம்பைத் தொடாதேங்கோ. தட்டு 4.7 ஜிபி எண்டாலும் வின்டோஸ் 4.38 எண்டுதான் காட்டும், அதில 3.9 ஓடை நிப்பாட்டுங்கோ. 90 நிமிசத்துக்குப் படம் 5.8 எம்பிபிஎஸ், ரெண்டு மணித்தியாலத்துக்கு 4.3, சத்தம் ஏசி3 இல 192 கேபிபிஎஸ் வைச்சா அதுக்குள்ள அடங்கும். அதைவிட நீளமெண்டால் ரெண்டு தட்டாப் பிரியுங்கோ, நெருக்கி அடைக்க வேண்டாம்.

எழுதிற வேகம் 8 எக்ஸ் வையுங்கோ. 16 எக்ஸ் எண்டு போட்ட தட்டை 16 இல அடிச்சா மிச்சமாகிறது ரெண்டு மூண்டு நிமிசம்தான், விளிம்பில பிழை கூடும். அதுக்காக 2 எக்ஸ், 4 எக்ஸ் எண்டு இறக்கிறதும் நல்லதில்லை, 16 எக்ஸ் தட்டின் சாயம் அவ்வளவு மெதுவான எழுத்துக்குச் சரிப்படுத்தினதில்லை.

நடுவில நிக்கிறதுக்குத் தட்டை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ. வெளி றைட்டர் எண்டால் ஒரு யூஎஸ்பி வாயில வாற மின்சாரம் எழுதிற நேரம் போதாமல் போகும், ரெண்டு தலை வயரைப் போடுங்கோ. மேசைக் கணினி எண்டால் யூபிஎஸ் இல்லாமல் அடிக்க வேண்டாம், கரண்ட் ஒருக்கா மினுங்கினாலே தட்டுப் போச்சு. லென்ஸில செம்மண் தூசியும் இருக்கும்.

மைனஸ் ஆர்தான் என்ர தெரிவு. பழைய பிளேயர் கனக்க அதைத்தான் கரைச்சல் இல்லாமல் வாசிக்கும்.

ஏ9 வீதி:
அதில எனக்குச் சம்மதமில்லை, மாங்குளம் அண்ணை. பிளஸ் ஆரில புக்டைப்பை (இது என்ன வகைத் தட்டு எண்டு பிளேயருக்குச் சொல்லுற குறிப்பு) 'டிவிடி ரொம்' எண்டு மாத்தி அடிச்சா பிளேயர் அதைக் கடையில விக்கிற படத்தட்டு எண்டே நினைக்கும். றைட்டர் அதுக்கு இடங்குடுக்க வேணும், அவ்வளவுதான்.

மாங்குளம் சந்தி:
அந்த 'அவ்வளவுதான்' லப்டொப் றைட்டர் கனக்கத்தில இல்லையே. நந்திக்கடல் தம்பிக்கு மைனஸ் போதும்.

நந்திக்கடல்:
நன்றி அண்ணையாக்கள். பொம்பிளைப் பிள்ளையின்ர படத்தை வட்ட ஸ்டிக்கரா ஒட்டிக் குடுக்கிறனாங்கள். அதாலயும் பிழைக்குமோ?

கனகராயன் ஆறு:
பிழைக்கும் தம்பி. ஸ்டிக்கர் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் சுத்தேக்க தட்டு ஆடும், வெக்கையில பசை இழுத்துத் தட்டை வளைக்கும். வெள்ளை மேற்பரப்புள்ள பிரிண்டபிள் தட்டு எடுத்து, தட்டில அச்சடிக்கிற இங்க்ஜெற் பிரிண்டரில படத்தை அடியுங்கோ. விலை கொஞ்சம் கூடத்தான். இல்லாட்டி படத்தைப் பெட்டி மட்டையில போடுங்கோ, தட்டில தண்ணி மை மாக்கரால பெயரும் திகதியும் மட்டும்.

டிவிடியில எழுத்துப்படை ரெண்டு 0.6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக்குக்கு நடுவில இருக்கு, மேல கீறினா உடன சாகாது. சீடியில அது மேல்ப்பூச்சுக்கு நேர கீழ. போல்பொயின்ற் பேனையால அழுத்தி எழுதினா அந்த இடம் போச்சு. பாட்டுச் சீடி அடிச்சாலும் இதைக் கவனியுங்கோ.

குடுக்கேக்க வீட்டுக்காரருக்குச் சொல்லி விடுங்கோ: தகரக் கூரைக்குக் கிட்ட மேல்த்தட்டில வைக்கக் கூடாது, பிளேயருக்கு மேலயும் கூடாது. உறையைவிட நடுவில பிடிக்கிற பிளாஸ்ரிக் பெட்டி நல்லது, நிமித்தி வைக்க வேணும். மாரியில ஈரம் ஏறி விளிம்பு பிரியிறதும் பூஞ்சணம் பிடிக்கிறதும் நடக்கும். துடைக்கிறதெண்டால் பஞ்சுத் துணியால நடுவிலயிருந்து வெளிய நேராத் துடைக்கச் சொல்லுங்கோ, வட்டமா இல்லை. அசல் கோப்பை உங்கட ஹார்ட் டிஸ்கில ரெண்டு இடத்தில வைச்சிருங்கோ, மூண்டு வருசம் கழிச்சு வந்து திரும்பக் கேப்பினம்.