புதுப்பிப்பு: வீட்டில் வயலினைத் தொட மறுத்த எட்டு வயது மாணவி

சிங்கப்பூரின் தெம்பனிஸில் என்னிடம் கற்கும் சிறுமி வீட்டில் பயிற்சியே செய்வதில்லை, வகுப்பை நிறுத்திவிடலாமா என்று அவள் அம்மா கேட்கிறார் எனப் போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். சோம்பல் என்றே நானும் நினைத்தேன். தவறு என்னுடையது.

"அளவைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தேன். வளர்ந்தாலும் உதவட்டும் என்று முக்கால் அளவு வயலின் வாங்கியிருக்கிறார்கள். பள்ளிச் சீருடையா என்ன? தோளில் வைத்து இடக்கையை நீட்டினால், முழங்கை சற்று மடிந்த நிலையிலேயே உள்ளங்கை சுருள்முனையை (வயலின் கழுத்தின் நுனியிலுள்ள சுருள்) பற்ற வேண்டும். இவளுக்கு விரல்நுனிதான் எட்டியது! நான்காம் விரல், அதாவது சுண்டுவிரல், சுருதி சேராமல் போனதற்கு இதுவே காரணம்.

வாடகைக்கு அரை அளவு எடுத்தோம். ஞாயிறன்று ஒரு மணி நேரப் பயிற்சி என்பதை மாற்றி, தினமும் பத்து நிமிடம், மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (கர்நாடக இசையின் முதல் ஸ்வரப் பயிற்சி) இரண்டு காலம், அதாவது இரண்டு வேகங்களில் மட்டும்.

பிருடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மரமுளை) நழுவுவது தனித் தொல்லை. ஏசி அறையின் வறண்ட காற்றில் மரம் சுருங்குகிறது. வயலினைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னேன்.

நேற்று, அடுத்த பாடமான ஜண்டை வரிசை எப்போது என்று அவளே கேட்டாள். அம்மா நிறுத்துவது பற்றி இப்போது பேசுவதில்லை.