இ-அனுதானில் விடுதி மானிய விண்ணப்பம் நான்கு குறைகளோடு திரும்பி வந்துள்ளது: எதை முதலில் சரிசெய்வது?

மார்த்தாண்டம் விடுதி

வணக்கம். பட்டியல் சாதி மாணவிகளுக்கு விடுதி நடத்தும் சங்கம் ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறேன். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் மானியம்தான், அதன் இ-அனுதான் இணையதளம் வழியாக விண்ணப்பிப்பது. முன்பு தன்னார்வ அமைப்புகளுக்கான திட்டம், இப்போது ஸ்ரேஷ்டா என்ற பட்டியல் சாதி மாணவர் கல்வித் திட்டத்தின் இரண்டாம் பிரிவு. புதிய விண்ணப்பம் இல்லை, தொடர் விண்ணப்பம். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய குறிப்பில் இருப்பது இவ்வளவு:

1. இ-அனுதானில் கொடுத்த வங்கிக் கணக்கும் பி.எஃப்.எம்.எஸ்.ஸில், அதாவது மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளத்தில், உள்ள கணக்கும் ஒன்றல்ல. (பி.எஃப்.எம்.எஸ்.ஸில் டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்கு தெரிகிறது. எங்கள் மானியக் கணக்கு மார்த்தாண்டத்தில் இருக்கிறது.)

2. பயன்பாட்டுச் சான்றில் மீதி 37,600 ரூபாய். பி.எஃப்.எம்.எஸ். காட்டும் மீதி 88,000. வங்கி பாஸ்புக்கிலும் 37,600தான் இருக்கிறது.

3. 60 மாணவிகள் பட்டியலில் 14 பேரை ஏற்கவில்லை. 9 பேருக்கு கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று பி.சி. சான்று. மீதி 5 பேர் இந்து வண்ணான், "தமிழ்நாட்டில் எம்.பி.சி." என்று குறிப்பு.

4. சங்கப் பதிவுச் சான்று 1955 திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின் கீழ் உள்ளது. 1975 தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் நெருங்குகிறது. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

தக்கலை தணிக்கை

மேடம், வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மற்ற மூன்றையும் காகிதத்தில் சரிசெய்துவிடலாம். இதற்கு மட்டும் வங்கியின் ஒப்புதல் வர வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும்.

டெல்லிக் கணக்கு என்றால் உங்கள் சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்கிறது, அது புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு, சரிதானே? 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை அந்தக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். அந்தக் கணக்கில் வெளிநாட்டு நன்கொடையைத் தவிர ஒரு ரூபாயும் சேரக்கூடாது, எஃப்.சி.ஆர்.ஏ. 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அரசு மானியம் அதில் விழுந்தால் மானியமும் சிக்கும், எஃப்.சி.ஆர்.ஏ. பதிவும் சிக்கும். குறிப்பு வந்தது நல்லதுதான்.

"வேலை சீக்கிரம் முடியட்டும்" என்று இ-அனுதானில் டெல்லிக் கணக்கை எழுதிவிடாதீர்கள். மாற்ற வேண்டியது பி.எஃப்.எம்.எஸ். பக்கத்தை. நிறுவன நிர்வாகி உள்நுழைவில் போய், ஏற்கெனவே உள்ள அதே நிறுவனக் குறியீட்டின் கீழ் இந்தத் திட்டத்தைச் சேர்த்து, அதற்கு எதிரே மார்த்தாண்டம் கணக்கைப் பதியுங்கள். புதிதாக இன்னொரு நிறுவனப் பதிவு போடக்கூடாது. ஒரே பான் எண்ணில் இரண்டு குறியீடு ஓடினால் எந்தக் குறியீட்டுக்கு ஒப்பளிப்பு (மானிய அனுமதி) போகிறது என்பதே குழம்பிவிடும்.

வங்கி நிராகரிப்பதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். பாஸ்புக்கில் "செயலாளர், இன்ன சங்கம்" என்றிருக்கும், பி.எஃப்.எம்.எஸ்.ஸில் சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கும். கிளையில் கடிதம் கொடுத்து, பதிவுச் சான்றில் உள்ள பெயருக்குக் கணக்கை மாற்றிவிட்டு அப்புறம் அனுப்புங்கள். தர்ப்பண் தளம் (தன்னார்வ அமைப்புகள் பதியும் அரசுத் தளம்), பான் அட்டை, இ-அனுதான் என்று எல்லா இடத்திலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

மார்த்தாண்டம் விடுதி

ஆமாம் சார், எஃப்.சி.ஆர்.ஏ. உண்டு. கணக்குப் பெயரில் "செயலாளர்" இருக்கிறது, நாளைக்கே வங்கிக்குப் போகிறேன். இரண்டாவது குறைக்கு விவரம் தருகிறேன். வந்த மானியம் 9,00,000. செலவு 8,73,740. வட்டி 11,340. இதில் 61,740 ரூபாய் காசோலையாகக் கொடுத்தது: பால், காய்கறி, மீன், விறகு.

தக்கலை தணிக்கை

அப்படியென்றால் கணக்கு நேராகிறது. இரண்டு தனித்தனிப் பிசகு ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது.

சான்றில் வட்டியை வரவோடு கூட்டியிருக்கிறார்கள்: 9,00,000 + 11,340 − 8,73,740 = 37,600. இது தவறு. பொது நிதி விதிகள் 2017இல் 230(8)இன்படி, மானியத்துக்கு வந்த வட்டி உங்கள் பணமல்ல. கணக்கு முடிந்ததும் இந்தியத் தொகுப்பு நிதிக்குக் கட்டிவிட வேண்டும், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்லவும் முடியாது. ஆகவே மானிய மீதி 9,00,000 − 8,73,740 = 26,260. வட்டி 11,340 தனி. அதை, அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் அமைச்சகத்தைத் தேர்ந்து கட்டி, ரசீதைச் சான்றோடு இணையுங்கள். கட்டியபின் பாஸ்புக்கிலும் 26,260தான் நிற்கும்.

இனி 88,000. காசோலையில் போன 61,740 பி.எஃப்.எம்.எஸ்.ஸின் செலவுப் பகுதியில், அதாவது ஈ.ஏ.டி.யில், ஏறவில்லை. ஏறியது 8,12,000 மட்டும். 9,00,000 − 8,12,000 = 88,000. சரிபார்க்க வேண்டுமா? 88,000க்கும் 37,600க்கும் வித்தியாசம் 50,400. ஏறாத செலவு 61,740இல் வட்டி 11,340ஐக் கழித்தாலும் அதே 50,400. வேறெங்கும் ஓட்டை இல்லை.

ஈ.ஏ.டி.யில் அந்த நிதியாண்டைத் தேர்ந்து, காசோலை எண், தேதி, பெறுநர் போட்டுப் பதியுங்கள். பதிபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர். இரண்டு பயனர் பெயரும் இருந்தால்தான் பதிவு முழுமையாகும். பல இடங்களில் பதிந்துவிட்டு ஒப்புதல் கொடுக்காமல் விட்டிருப்பார்கள், தொகை அப்படியே தொங்கும். பழைய ஆண்டுக்குப் பதிய முடியாமல் போனால், மேலே சொன்ன மூன்று தொகையையும் காட்டும் இணக்கக் கணக்கு ஒன்றை ஆடிட்டர் கையெழுத்தோடு இணைக்க வேண்டியதுதான்.

பயன்பாட்டுச் சான்றைப் பொது நிதி விதிகளின் (ஜி.எஃப்.ஆர்.) 12-ஏ படிவத்தில் திருத்தி எடுங்கள். ஒப்பளிப்பு ஆணை எண்ணும் தேதியும் ஆணையில் உள்ளபடியே வரட்டும். திருத்திய சான்றுக்குப் புதிய யு.டி.ஐ.என். (ஆடிட்டர் கையெழுத்திடும் ஆவணத்துக்கான அடையாள எண்) வேண்டும். பழைய 18 இலக்கத்தையே போட்டால் சரிபார்க்கும்போது பழைய தொகை வந்து நிற்கும்.

குழித்துறை நலப்பணி

மூன்றாவது குறையில் உள்ள 14 பேரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். 9 பேருக்கும் 5 பேருக்கும் சட்டநிலை முற்றிலும் வேறு.

முதலில் அந்த 5 பேர். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதி அட்டவணையில் சில பெயர்களுக்கு அருகில் "கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும்" என்று எல்லை போட்டிருக்கும். வண்ணான், பாணன், மண்ணான், தண்டான் எல்லாம் அப்படித்தான். திருவிதாங்கூர்-கொச்சிப் பட்டியலில் இருந்தவை. 1956 நவம்பர் 1இல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கூடவே வந்தன. 1976 திருத்தச் சட்டம் பெரும்பாலான வட்டார எல்லைகளை எடுத்துவிட்டாலும் இவற்றை அப்படியே வைத்திருக்கிறது. மற்ற மாவட்டங்களில் வண்ணார் எம்.பி.சி., நம் மாவட்டத்தில் எஸ்.சி. வெளியூரில் இருந்து கோப்பைப் பார்ப்பவருக்கு இது உடனே பிடிபடாது.

பதிலில் இரண்டு பக்கம் இணையுங்கள். ஒன்று, எஸ்.சி. அட்டவணையில் அந்த வரி உள்ள பக்கம். இன்னொன்று, தமிழ்நாடு எம்.பி.சி. பட்டியலில் வண்ணார் என்ற இடத்தில் "கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் நீங்கலாக, அங்கே இவர்கள் எஸ்.சி." என்று இருக்கும் பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மறுப்பதற்கு ஒன்றும் இராது. சான்று பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் இ-சேவையில் ரெவ்-101 (சாதிச் சான்று விண்ணப்பம்) போட்டு மின்சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பாருங்கள்: ஐந்து சான்றும் நம் மாவட்டத் தாசில்தார்கள் கொடுத்ததா?

மார்த்தாண்டம் விடுதி

நான்கு பேருக்கு விளவங்கோடு, கல்குளம் தாசில்தார். ஒரு பிள்ளைக்கு ராதாபுரம். இந்த ஜூனில்தான் சேர்ந்தாள். சான்றை எடுத்துப் பார்த்தேன் சார், எம்.பி.சி. என்றே இருக்கிறது.

குழித்துறை நலப்பணி

அப்படியானால் நான்கு பேருக்கு மட்டும் வாதாடுங்கள். ராதாபுரம் திருநெல்வேலி மாவட்டம். நம் ஊர் விடுதியில் தங்குவதால் அவள் எஸ்.சி. ஆகிவிட மாட்டாள். அவளையும் சேர்த்து எழுதினால் மற்ற நால்வரின் நியாயமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அடுத்து அந்த 9 பேர். 1950 அரசியலமைப்பு ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதியை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டது இந்தக் கேள்விக்காகத்தான். ஞானஸ்நானம் எடுத்ததால் காலனி வீடும் கூலி வேலையும் மாறிவிடவில்லை என்பது குமரியில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இது பெரிய அநியாயம் என்றே படுகிறது. ஆனால் மத்திய மானியப் படிவத்தில் இந்த 9 பெயரை எஸ்.சி. பத்தியில் எழுத வழியில்லை.

அதற்காகப் பிள்ளைகளின் சான்றை மாற்றச் சொல்லி யாரும் பெற்றோரை நெருக்கக்கூடாது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் மதப் பத்தியைத் திருத்தச் சொல்லவும் கூடாது. அவர்களை விடுதியிலிருந்து அனுப்பவும் வேண்டாம். மானியம் எஸ்.சி. எண்ணிக்கைக்குத்தான் வரும், மற்றவர்கள் உங்கள் சொந்த நிதியில் தங்கலாம். மாநில ஆதிதிராவிடர் நலத்துறை மதம் மாறிய ஆதிதிராவிடர்களைத் தன் விடுதிகளில் சேர்க்கிறது, கல்வி உதவித்தொகையும் தருகிறது. நாகர்கோவிலில் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தில் 9 பேருக்கும் வகுப்பு வாரியாகக் கேளுங்கள்.

பெயரை வைத்து நீங்களே யாரையும் பிரித்துவிடாதீர்கள். மேரி என்ற பெயரில் இந்து சாம்பவர் சான்று உள்ள பிள்ளையும் இங்கே உண்டு. சான்றில் உள்ளதுதான் கணக்கு.

தக்கலை தணிக்கை

இதில் எனக்கு ஒரு கவலை. போன ஆண்டு 8,73,740 செலவில் அந்த 9 பேரின் சாப்பாடும் இருந்ததா? இருந்தால் அந்தப் பங்கைச் சொந்த நிதியிலிருந்து மானியக் கணக்கில் திருப்பிப் போட்டு, பயன்பாட்டுச் சான்றை அதற்கேற்ப மாற்ற வேண்டும். 26,260 என்ற எண்ணும் மாறும்.

மார்த்தாண்டம் விடுதி

இல்லை சார். அவர்கள் செலவு உள்ளூர் நன்கொடைக் கணக்கில், தனி வவுச்சர். பட்டியலில் தங்கியிருப்போர் எல்லார் பெயரையும் கேட்கிறார்கள் என்று நினைத்து 60 பேரையும் எழுதிவிட்டோம்.

தக்கலை தணிக்கை

நிம்மதி. அப்படியானால் 26,260 நிற்கும். இந்த ஆண்டுக்கு 60இல் எஸ்.சி. 50, மற்றவர் 10. சமையல் ஒன்றாக நடப்பதால் மாதக் கடைசியில் மளிகைப் பில்லை 50க்கு 10 என்று பிரியுங்கள். 1,20,000 ஆனால் மானியத்தில் 1,00,000, நன்கொடையில் 20,000. பிரித்த கணக்கை அந்த மாத வவுச்சரோடே தைத்து வையுங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகப் பிரித்தால், நடுவில் சேர்ந்தவர் விலகியவர் கணக்கு ஒத்துவராது. வருகைப் பதிவேட்டிலும் இரண்டு பிரிவாகவே எழுதுங்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்குவதால் வருமான வரித் தணிக்கை அறிக்கை 10பி படிவத்தில் போயிருக்க வேண்டும், 10பிபியில் அல்ல. அதையும் ஒருமுறை பாருங்கள்.

வடசேரி பதிவேடு

நான்காவது குறை பார்க்கத்தான் பயமாக இருக்கும். இந்த மாவட்டத்துப் பழைய சங்கங்கள் பலவும் 1955 சட்டத்தில் பதிவானவை. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அந்தச் சட்டத்தை இங்கே நீக்கியபோது, அதன் கீழ் பதிவான சங்கங்களைப் புதுச் சட்டத்தின் கீழ் பதிவானவையாகவே கொண்டது. புதிய பதிவு எடுக்காதீர்கள். எடுத்தால் அது வேறொரு சங்கம். பழைய பான், தர்ப்பண் எண், எஃப்.சி.ஆர்.ஏ., வருமான வரியின் 12ஏபி பதிவு எதுவும் அதற்குப் பொருந்தாது.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, பதிவு நடப்பில் உள்ளது என்ற சான்றும், பதிவுச் சான்று, துணைவிதிகளின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் நிலுவையில் இருந்தால் நடப்புச் சான்று கிடைக்காது; முதலில் அதைத் தீருங்கள். கடைசியாக நிர்வாகக் குழு மாறியபோது படிவம் 7 தாக்கல் ஆனதா?

மார்த்தாண்டம் விடுதி

ஆகியிருக்கிறது. ஆனால் தர்ப்பணில் பழைய பொருளாளர் பெயர்தான் இன்னும் இருக்கிறது.

வடசேரி பதிவேடு

அப்படியானால் தர்ப்பணைத் திருத்திவிட்டு, ஒரு நாள் பொறுத்து, இ-அனுதானில் நிர்வாகிகள் பகுதியைத் திறந்து பாருங்கள். மானியத்துக்கான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் படிவம் 7, தர்ப்பண், வங்கி மூன்றிலும் இருப்பவர்களாக இருக்க வேண்டும். வங்கியில் பெயர் மாற்றக் கடிதம் கொடுக்கும்போதே கையெழுத்து அதிகாரத்துக்கான தீர்மான நகலையும் கொடுத்துவிட்டால் ஒரே நடையில் முடியும்.

குழித்துறை நலப்பணி

திருத்திய விண்ணப்பம் மாவட்டம், மாநிலம் வழியாகத்தான் அமைச்சகத்துக்குப் போகும். ஆய்வுக்கு அலுவலர் வரும்போது 60 பிள்ளைகளும் இருக்கட்டும். 50, 10 என்று பிரித்த பட்டியலை முதலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். தலையை எண்ணி 60 என்று அவர் எழுதி, விண்ணப்பம் 50 என்று சொன்னால் ஐந்தாவது குறை வரும். மாவட்ட ஆட்சியரிடம் வாங்கிய விடுதி உரிமத்தில், அதாவது 2014 மகளிர் மற்றும் சிறார் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்ளதில், அனுமதித்த எண்ணிக்கை 60க்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.