அவசரம் என்று வந்தால் வீட்டில் யார் என்ன செய்வது? திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

அன்புவழிபுரத்திலிருந்து:

மாரி தொடங்கும் முன் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவசர காலத்துக்கு என்ன வாங்கி வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். டோர்ச், பற்றரி, பிஸ்கட், தண்ணீர் என்று சொல்ல எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் நான் கண்டவரை, சாமான் இருந்த வீடுகளும் தடுமாறின. யார் யாரைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்பதை முன்பே பேசி வைத்த வீடுகள்தான் நிதானமாக இருந்தன.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி நினைவிருக்கும். சித்திரை வருடப் பிறப்புக்கு வீடு கழுவிக்கொண்டிருந்த நேரம். பகல் இரண்டு மணி கழிந்ததும் சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்துவிட்டது. 2004ஐக் கண்ட ஊருக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. கடற்கரைப் பக்கத்துச் சனங்கள் கைக்குழந்தைகளோடு உள்ளே வந்தார்கள். வீதி நிறைய முச்சக்கரவண்டிகள். தொலைபேசியில் யாரையும் பிடிக்க முடியவில்லை. அயல்வீட்டுத் தகப்பன் மகளைத் தேடி ரியூசன் வகுப்புக்கு ஓடினார். தாயும் வேறு வழியால் அங்கேயே ஓடினார். ஆசிரியரோ பிள்ளையைப் பாதுகாப்பாகத் தன் உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடி அலைந்த அந்த நேரம் முழுக்க, எழுந்து நடக்க முடியாத பாட்டி வீட்டில் தனியே கிடந்தார். நானும் என் மாமியும் போய்ப் பக்கத்தில் இருந்தோம். மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள், கடலும் வரவில்லை. ஆனால் அந்தத் தாயின் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் இருந்து பேசி முடிவெடுத்தோம். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் பொறுப்பானவரோடு அங்கேயே நிற்க வேண்டும். கூட்டிவரப் போவது அவர்களின் தகப்பன் மட்டும். மாமியை நகர்த்துவது என் வேலை, எதிர்வீட்டுத் தம்பி கை கொடுப்பார் என்று அவரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். எல்லோரும் வந்து சேரும் இடம் கன்னியா வீதியில் இருக்கும் அக்கா வீடு. வவுனியாவில் உள்ள என் தம்பிக்கு ஆளுக்கொரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அழைப்பு எடுபடாத நேரத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். அவர் எண் கைத்தொலைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. பிள்ளைகளுக்கு மனப்பாடம், புத்தகப் பையின் உட்புறத்திலும் எழுதித் தைத்திருக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து:

அக்கா சொன்ன பாட்டியின் கதையை வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. சுமத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடல் எங்கள் வாசலுக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் வந்து சேரவில்லை. இன்று எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை அழைக்கலாம். இருந்தாலும் கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் எந்த அறிவித்தலுக்கும் காத்திருக்காதீர்கள். முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கவும் ஆட்களைத் தேடவும் திரும்பிப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. அதிகாரிகள் சொல்லும்வரை திரும்பக் கூடாது என்பதை எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்குத் தொழுகை நேரம் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அன்று எங்கள் வைத்தியசாலையையே கடல் அழித்துவிட்டது. திருகோணமலைப் பக்கம் போகும் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் திருகோணமலைக்குப் போக வேண்டுமென்றால் படகுப் பாதைதான். காயப்பட்டவர்களை வைத்துக்கொண்டு கரையில் நின்றோம். என் உம்மா சேலையைக் கிழித்துக் கட்டுப்போட்ட இரண்டு பேர் இன்றும் பெருநாளுக்கு வீட்டுக்கு வருகிறார்கள். இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறது. தயவுசெய்து வீட்டுக்கு ஒருவரை அனுப்புங்கள்.

பாலையூற்றிலிருந்து:

எங்கள் பகுதி சற்று உள்ளே இருப்பதால் நமக்கு ஒன்றும் வராது என்று பலர் எண்ணுகிறார்கள். நமக்கு ஆட்கள் வருவார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலோடு மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டுப் பக்கம் உடைப்பெடுத்தபோது, மூதூர்ப் பக்கத்திலிருந்து என் மனைவியின் சொந்தங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிழவர்கள், கைக்குழந்தை, மாதவிடாயில் இருந்த பிள்ளை, உடுத்த துணியோடு எல்லோரும். மின்சாரம் இல்லை. வளவில் நல்ல கிணறு இருக்கிறது, ஆனால் மோட்டார் போட்ட நாளிலிருந்து வாயைக் கொங்கிறீற் போட்டு மூடிவிட்டோம். மோட்டார் ஓடாவிட்டால் கிணறு இருந்தும் இல்லாததுதான். அந்த மூடியில் ஒரு பக்கம் திறக்கும்படி இரும்புக் கதவு வைத்திருந்ததால் வாளியும் கயிறும் கொண்டு அள்ள முடிந்தது. ஐயாமாரே, உங்கள் கிணற்றைப் போய்ப் பாருங்கள். வாளி இறங்க இடம் இருக்கிறதா? கப்பி சுற்றுகிறதா?

அரிசி பருப்பு அயலவர் தந்துவிடுவார்கள். பாய், போர்வை, பெண்களுக்கான துவாய், குழந்தைப் பால்மா, கழிவறைக்கு வாளித் தண்ணீர் – இவைதான் உண்மையில் நெருக்கடி தந்தன. எரிவாயு பாதியில் தீர்ந்தது. பின் வளவில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு மூட்டினோம். மாரிக்கு முன் காய்ந்த விறகைக் கூரைக்குக் கீழே அடுக்குவது எங்கள் அப்பாவின் வழக்கம். அவர் சொன்னதை விடாமல் செய்து வருகிறோம்.

வெள்ளம் வடிந்து அவர்கள் திரும்பியபோது அவர்களின் கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இட்ட பிறகே பாவித்தார்கள். வீட்டுக்குள் நுழையும் முன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பாம்புக்குப் பயந்து, தடியால் தட்டித் தட்டித்தான் சாமான்களைப் புரட்டினார்கள்.

நிலாவெளியிலிருந்து:

2020 டிசம்பர் 2 இரவு புரவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. நல்லவேளை, பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. முதல் நாளே வீட்டோரத்துத் தென்னைகளில் தேங்காயும் காய்ந்த மட்டையும் இறக்கிவிட்டோம், கூரைத் தகரத்துக்கு மேல் மணல் மூட்டை வைத்தோம். அடுத்த முறையும் அப்படியே செய்வோம்.

உவர்மலையிலிருந்து:

நான் தாதியாக வேலை செய்கிறேன். நீரிழிவு, பிரஷர் உள்ளவர்கள் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. இடம்பெயர்ந்து வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, நோயும் மருந்தும் எழுதப்பட்டிருக்கும் கிளினிக் கொப்பியைத்தான். அது இல்லாவிட்டால், "சின்ன வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்கிறார்கள். அதை வைத்து எதையும் கொடுக்க முடியாது. கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளை மாத்திரை தீரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

இன்சுலின் போடுபவர்கள் மின்சாரம் நின்றால் கலங்க வேண்டாம். ஒரு பெரிய மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றிய குப்பியை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். நிழலில், காற்றோட்டமாக இருக்கட்டும். ஐஸ்கட்டிமேல் நேரே வைத்து உறையவிட்டால் மருந்து கெட்டுவிடும். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட் சில வைத்திருங்கள். அம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1990, கட்டணம் இல்லை.

மீண்டும் அன்புவழிபுரத்திலிருந்து:

கிணற்று மூடியைப் பற்றிப் பாலையூற்று அண்ணன் எழுதியதைக் கண்டதும் போய்ப் பார்த்தேன். எங்களுடையதும் முழுதாக மூடியே இருக்கிறது. கொத்தனாரிடம் சொல்லியாயிற்று, இந்தக் கிழமை வருவார்.

காணி உறுதியை எங்கே வைப்பது என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார். மூல உறுதி, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் நீர் புகாத ஒரே பையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். அதை எடுப்பது மூத்த மகனின் பொறுப்பு. பிரதிகள் வவுனியாவில் தம்பியிடம் இருக்கின்றன. தங்கையின் கணவர் வெளிநாட்டில் என்றபடியால், அந்தப் பை எங்கே என்பதைக் கூடப் பிறந்த ஒருவருக்காவது சொல்லி வைப்பது நல்லது.