மே விடுமுறையில் ஆப்பிரிக்க அருவியும் சஃபாரியும்: குடும்பத்துடன் செல்ல எந்த நாடு பொருந்தும்?

நொய்யல்கரை (திருப்பூர்):
அனைவருக்கும் வணக்கம். பின்னலாடைத் தொழிலில் இருக்கும் எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் பத்து நாள் ஓய்வு கிடைப்பது அரிது. வரும் மே மாதம், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் அது வாய்த்திருக்கிறது. 11 வயது மகள், 7 வயது மகன், 66 வயதான என் அம்மா ஆகியோருடன் ஆப்பிரிக்கா சென்று, ஒரு பெரிய அருவியையும் காட்டு விலங்குகளையும் பார்த்துவர விரும்புகிறோம். டாப்சிலிப்புக்கு மூன்று முறை போயும் யானையின் முதுகை மட்டுமே புதருக்கு மேல் பார்த்த ஏக்கம் மகனுக்கு இன்னும் தீரவில்லை. பயண முகவர் கென்யா என்கிறார். உறவினர் ஒருவர் விக்டோரியா அருவி என்கிறார். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. நாங்கள் சைவம். சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆழியாறு (பொள்ளாச்சி):
வணக்கம் தம்பி. மே மாதம் என்பது உறுதியென்றால் கென்யாவை இம்முறை விட்டுவிடுங்கள். அங்கே மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மசாய் மாராவின் மண்பாதைகளில் வண்டி சேற்றில் சிக்கும். வில்டபீஸ்ட் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுமாடுகளின் பெரும் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியும் ஜூலைக்குப் பிறகுதான் கிடைக்கும்.

நாங்கள் சென்றது மே கடைசி வாரத்தில், ஜிம்பாப்வே பக்கமுள்ள விக்டோரியா அருவிக்கு. ஜிம்பாப்வே, ஜாம்பியா நாடுகளின் எல்லையில் ஓடும் சாம்பேசி ஆறு ஏறத்தாழ 1,700 மீட்டர் அகலத்தில் 108 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது. அவ்வூரார் அதனை ‘மோசி-ஓ-துன்யா’, அதாவது இடியென முழங்கும் புகை என்கிறார்கள். அருவி என்றாலே தலையைக் கொடுத்துக் குளிப்பது என்று பழகிய நமக்கு, பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் நின்று அருவியை நேருக்கு நேர் பார்ப்பது முற்றிலும் புதிய அனுபவம். சாரல் கீழிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. குடை பிடித்தும் என் அம்மாவின் நூல்சேலை முந்தானையைப் பிழியும்படி ஆகிவிட்டது. நுழைவாயிலருகே மழை அங்கி வாடகைக்குக் கிடைக்கும், தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் வெள்ளம் மிகுந்து சாரலே அருவியை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரிலோ ஜாம்பியா பக்கத்துப் பாறைகளில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். மே இறுதியில் தண்ணீரும் உண்டு, காட்சியும் உண்டு. நடைபாதை பெரும்பாலும் சமதளமே. ஆனாலும் ஈரமாக இருக்கும் என்பதால் அம்மாவை ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். பௌர்ணமியை ஒட்டிச் சென்றால் இரவில் நிலவொளியில் தோன்றும் வானவில்லையும் பார்க்கலாம்.

சஃபாரிக்கு அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், போட்சுவானாவின் கசானே ஊரை ஒட்டிய சோபே தேசியப் பூங்கா இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஜீப்பைவிடப் படகுதான் நல்லது, குலுக்கல் இல்லை. மாலை நேரத்தில் படகை நிறுத்தியபோது ஒரு யானைக் கூட்டம் தும்பிக்கைகளை நீருக்கு மேல் தூக்கிக்கொண்டு, குட்டியை நடுவில் விட்டு, எதிரிலிருந்த தீவுக்கு நீந்திச் சென்றது. உங்கள் மகனுக்கு அந்த ஒரு மாலை போதும். திறந்த ஜீப்பில் அதிகாலையில் செல்வதாக இருந்தால் எல்லோருக்கும் ஸ்வெட்டர் வேண்டும். சிறு பிள்ளைகளைத் திறந்த ஜீப்பில் ஏற்றச் சில விடுதிகள் வயது வரம்பு வைத்திருக்கின்றன. முன்பதிவின்போதே மகனின் வயதைச் சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடை (ஈரோடு):
விமான வழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவனம் தேவை. கென்யாவும் எத்தியோப்பியாவும் கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அங்கிருந்து வருவோரிடம் இந்திய விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதன்முறையாக அந்த ஊசி போடுவதை மருத்துவர் தீர யோசித்தே முடிவு செய்வார். அம்மாவுக்காகவே துபாய் வழியாக ஜாம்பியாவின் லுசாக்கா அல்லது ஜிம்பாப்வேயின் ஹராரே செல்வது நிம்மதி. அருவிப் பகுதியிலும் சோபேயிலும் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையின் அளவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்):
மிக்க நன்றி அண்ணா, நன்றி ஐயா. ஜிம்பாப்வே, போட்சுவானா என்றே முடிவு செய்கிறோம். உணவு எப்படி? அம்மா பருப்புப்பொடியும் நெய்யும் எடுத்துவரலாமா என்று கேட்கிறார்.

ஆழியாறு (பொள்ளாச்சி):
விடுதிகளில் முன்கூட்டிச் சொன்னால் சோறும் காய்கறியும் சமைத்துத் தருகிறார்கள். பொடியைக் கடைப் பொட்டலமாகவே கொண்டு செல்லுங்கள், நெய் வேண்டாம். போட்சுவானாவில் மாடு வளர்ப்பு பெரிய பிழைப்பு என்பதால், கோமாரி நோய் பரவாமல் தடுக்கப் பால், இறைச்சிப் பொருள்களை எல்லையில் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். எங்களைக் காசுங்குலா எல்லையில் இறக்கி, மருந்துநீர் ஊறிய விரிப்பில் செருப்புடன் மிதிக்கச் சொன்னார்கள். எங்கள் தொழுவத்தில் கோமாரி வந்த ஆண்டு பட்ட பாட்டை நினைத்து, என் அம்மா இரண்டாம் முறையும் மிதித்துவிட்டு வந்தார். பைக்குள் இருக்கும் மாற்றுச் செருப்பையும் அங்கே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். அதை மேலாக வையுங்கள்.