உப்பு ஏறுன மணற்கல்லுல எஸ் வேவ் எப்படி கூடுது?

வாலிநோக்கத்தான்:
வணக்கம், எம்எஸ்சி ஜியாலஜி ப்ராஜெக்ட்ல ஒரு சந்தேகம். மணற்கல் கோர (உருளையா வெட்டி எடுத்த கல்லுத் துண்ட) காய்ஞ்ச நிலையில அல்ட்ராசோனிக் மெஷின்ல வச்சு கல்லு வழியா அலை போற வேகம் எடுத்தேன், அப்புறம் தண்ணி ஏத்தி எடுத்தேன், பி வேவ் (அமுக்கி அமுக்கிப் போற அலை) கூடுச்சு, எஸ் வேவ் (குறுக்க அசைச்சுப் போற அலை) லேசா இறங்குச்சு, புக்ல போட்ருக்கற மாதிரியே வந்துருச்சு. பிறகு எங்கூரு உப்பளத்துல பாத்திக்கு விடுற கெட்டித்தண்ணிய கேன்ல புடிச்சாந்து அதுல ஊறப்போட்டு ஓவன்ல காயவச்சு எடுத்தா ரெண்டு வேகமும் ஏறிருச்சு. எஸ் வேவ் எதுக்குங்க ஏறணும்? துளைக்குள்ள இருக்கறத வச்சு கல்லோட விறைப்ப கணக்குப் போடுற காஸ்மன் சமன்பாட்டுல தண்ணியோட பல்க் மாடுலஸ (அமுக்குறத எதுத்து நிக்கிற அளவ) எடுத்துட்டு உப்போடத போட்டா சரியா வருமா?

கிணத்துலாக்:
வராது தம்பி. காஸ்மன் 1951ல எழுதுனது துளைக்குள்ள திரவம் இருக்குன்னு வச்சுத்தான். தண்ணிக்கு ஷியர் மாடுலஸ் (சாய்ச்சு நெளிக்கிறத எதுத்து நிக்கிற அளவு) சுத்தமா கெடயாது, அதனால கல்லோட ஷியர் மாடுலஸ் அப்படியே இருக்கும், அடர்த்தி மட்டும் கூடும், எஸ் வேவ் இறங்கும். உப்பு திடப்பொருள், அதுக்கு பல்க் சுமார் 25, ஷியர் சுமார் 15 கிகாபாஸ்கல், அதுவும் சேர்ந்து ஷியர தாங்கும். மணலோட சரக்கான குவார்ட்ஸ் பல்க் 37, ஷியர் 44னு இருக்கறப்ப உப்பு மெதுவான சரக்குதான், ஆனா காத்தோட ஒப்பிட்டா எங்கயோ இருக்கு. திடப்பொருளுக்குன்னே சிஸ், ஷாப்பிரோ ரெண்டு பேரும் 2007ல காஸ்மன விரிச்சு எழுதிருக்காங்க, கெட்டியான கச்சா எண்ணெய்க்கும் அதத்தான் எடுப்பாங்க, அதப் பாரு. ஆனா அதுல துளை முழுக்க நெறஞ்சிருக்கணும், ஒனக்கு நெறஞ்சிருக்காது. இதுக்கு மேல கரையாதுங்கற அளவுக்கு உப்பு ஏறுன தண்ணி காய்ஞ்சா அது இருந்த எடத்துல சுமார் 15 சதவீதம்தான் உப்பா நிக்கும், மிச்சமெல்லாம் காத்து.

வாலிநோக்கத்தான்:
15 சதவீதத்துக்கா இவ்ளோ ஏறும்ணே?

கிணத்துலாக்:
எவ்ளோங்கறத விட எங்க ஒக்காந்துருக்குங்கறதுதான் விஷயம். கல்லு காயுறப்ப கடைசித் தண்ணி மணலும் மணலும் தொடுற இடுக்குலதான் ஒதுங்கி நிக்கும், உப்பும் அங்கயே கட்டிக்கும். ஹாலோபிளாக் சுவர்ல கலவைய ஜாயிண்ட்ல பூசுறதுக்கும் பிளாக்கோட ஓட்டைக்குள்ள கொட்டுறதுக்கும் எவ்ளோ வித்தியாசம், அதே கதைதான். கொஞ்சமே இருந்தாலும் இடுக்குல விழுந்தா மாடுலஸ் சட்டுனு ஏறும், டுவோர்கின், நூர் ரெண்டு பேரும் எழுதுன காண்டாக்ட் சிமெண்ட் மாடல்னு (மணல் தொடுற எடத்துல ஒட்டுறதுக்கான கணக்கு) படிச்சுப் பாரு. மெல்லிய வெடிப்புக்குள்ள போயிருந்தாலும் அப்படித்தான், கல்லு வளையுறதே அந்த வெடிப்புலதான. பெரிய துளை நடுவுல சும்மா கெடக்கற உப்பு பெருசா ஒண்ணும் செய்யாது.

பாம்பன்காத்து:
என்னங்கப்பா உப்பு ஏறுனா கல்லு கெட்டியாகும்னு சொல்றீங்க, தனுஷ்கோடி சர்ச்சு சுவர்ல போயி கைய வச்சுப் பாருங்க, பவளக்கல்லு மாவா உதிருது.

கிணத்துலாக்:
அது வேற கணக்கு. அல்ட்ராசோனிக்ல கல்லு அசையுறது கண்ணுக்கே தெரியாத அளவு, அந்த சின்ன அசைவுக்கு எவ்ளோ எதுத்து நிக்குதுன்னுதான் பாக்கறோம். அங்க உப்பு நனைஞ்சு கரைஞ்சு மறுபடி கட்டி கட்டி துளைச்சுவர நெம்பி விட்ருது. இந்தத் தம்பியோட கோரயே திரும்பத் திரும்ப முக்கி காயவச்சா வேகம் ஏறிட்டே போயி ஒருகட்டத்துல வெடிப்பு விட்டு இறங்கவும் செய்யலாம்.

மண்டபம்லேப்:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. சாதா உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனாலே காத்துலேர்ந்து தண்ணிய இழுத்து கரைய ஆரம்பிச்சுரும், நம்ம கடக்கரைல ராத்திரியில சர்வசாதாரணமா தாண்டும். சாயங்காலம் வெள்ளப்பூ பூத்த மாதிரி இருந்த கோரு காலைல பிசுபிசுன்னு இருந்தா நீங்க அளக்கறது உப்பும் தண்ணியும் கலந்த ஒண்ண. உப்பளத்து தண்ணில மெக்னீசியம் குளோரைடும் இருக்கும், அது இன்னும் மோசம், காத்து காய்ஞ்சு கெடந்தாலும் ஈரத்த இழுக்கும். லேப் உப்பு வாங்கி கரைச்சுக்கங்க, ஓவன்லேர்ந்து எடுத்தவுடனே டெசிகேட்டர்ல (ஈரம் ஏறாத மூடுன ஜாடில) வச்சு ஆற விடுங்க, முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு எவ்ளோ உப்பு தங்குச்சுன்னு எழுதி வைங்க. ரெண்டு முனையில படியுற உப்புத்தோல லேசா தேய்ச்சு எடுத்துட்டு ட்ரான்ஸ்டியூசர் (அலைய அனுப்பி வாங்குற முனை) வைங்க, ஆவியாகுற பக்கத்துக்குத்தான் உப்பு ஓடும்.

வாலிநோக்கத்தான்:
எடை போடவே இல்லண்ணே, அடுத்த கோர்லேர்ந்து போட்றேன். அந்த உப்பு எங்க ஒக்காந்துருக்குன்னு மைக்ராஸ்கோப்ல பாக்க மெல்லிசா செக்‌ஷன் வெட்டலாமா?

மண்டபம்லேப்:
வெட்டலாம், ஆனா தண்ணி ஊத்தி அறுத்துறாதீங்க, உப்பு போயிரும். மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய் ஊத்தி அறுக்கச் சொல்லுங்க.