பழைய ஜெட் ஸ்கீ வாங்கிய அனுபவங்கள்: கையில் பட்ட அந்தச் சூடு

பதிவு 1

விடுமுறை நாட்களில் மட்டும் ஓட்டுவதற்கென்று, 90களில் வந்த இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீ (நீரில் ஓடும் ஸ்கூட்டர்) ஒன்றை வாங்கினேன். பார்க்கப் போனபோது வண்டி டிரெய்லரில் தயாராக நின்றது. பொத்தானைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. இருக்கையைக் கழற்றிக் குனிந்து பார்த்தபோது என் உள்ளங்கை சிலிண்டர் ஹெட்டில் பட்டது. நன்றாகச் சூடாக இருந்தது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வதில் உள்ள சிக்கல் தெரியாமலிருக்க, நான் வருவதற்கு முன்பே விற்பவர் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார் என்று அப்போதே புரிந்தும், வாய் திறந்து கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை நீரில் இறக்கிய அன்று, முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறி, அடுத்த நொடி அடியோடு நின்றது. எதிரே ஒரு மிதவை. கைப்பிடியை எட்டும் மட்டும் திருப்பினேன். வண்டி நேராகவே போனது. பின்னால் பீறிடும் நீர்தான் இதைத் திருப்புகிறது, இன்ஜின் நின்றால் திருப்பவும் முடியாது என்பதை எப்போதோ படித்திருக்கிறேன். அன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது. மிதவை என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்தது. நண்பரின் படகு வேகமாகவே இழுத்து வந்து கரை சேர்த்தது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்காமல் வாங்கியது என் தவறு என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

மறுமொழி 2

மன்னிக்கவும், கம்ப்ரெஷன் பார்த்திருந்தால் தப்பித்திருப்பீர்கள் என்பதை நான் ஏற்கவில்லை. நான் வாங்கிய வண்டியில் இரண்டு சிலிண்டரும் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அளவில் சமமாகக் காட்டின; அப்படியிருந்தும் ஒரே மாதத்தில் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொண்டது.

சத்தம் ஏறி நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெட்ரோல் போதாமல் போனதற்கான அடையாளம். பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் சூடு ஏறும்; எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்கானால் வழுவழுப்பும் குறையும். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் சாம்பல் நிற எரிபொருள் குழாய்கள் இருந்தன. அவை உள்ளுக்குள் கரைந்து, பச்சைப் பசையாகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு வடிகட்டியை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சாம்பல் குழாயைக் கண்டால் எல்லாவற்றையும் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே நீரில் இறக்குங்கள். கம்ப்ரெஷன் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை: இரண்டு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து பாருங்கள், சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்காதீர்கள். கூடவே பின்னால் டார்ச் அடித்து, நீரைப் பின்னால் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் இதழ்கள் மழுங்கியிருக்கின்றனவா, அதைச் சுற்றியுள்ள வளையத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே இடைவெளி கூடிவிட்டால் இன்ஜின் இரைச்சலிடும், வண்டி நகராது.

மறுமொழி 3

நீங்கள் இருவரும் குழாயையும் கம்ப்ரெஷனையும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேகமாக இழுத்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. இன்ஜின் நின்ற நிலையில் வேகமாக இழுத்தால், பம்பு வழியாகப் புகும் நீர் குளிர்விப்புக் குழாயில் ஏறி, சைலன்சரை நிரப்பி, சிலிண்டர் வரை வந்துவிடும். என் வண்டிக்கு அதுதான் நடந்தது. மறுநாள் பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட்டரை அழுத்தியபோது, துளையிலிருந்து நீர் ஊற்றாகப் பீறிட்டு என் முகத்தில் அறைந்தது. அதற்குள் கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிட்டது. அந்தக் குழாயைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டோ, மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகாமலோ இழுத்திருந்தால் அந்த இன்ஜின் இன்றும் ஓடியிருக்கும்.

மறுமொழி 4

நான் வாங்கப் போனது ஃபோர்-ஸ்ட்ரோக். எண்ணெய் அளவுகோலை உருவியபோது எண்ணெய் வெளுத்து நுரைத்திருந்தது. உள்ளே நீர் கலந்திருக்கிறது என்று சொன்னேன். பனி ஈரம் என்றார் விற்பவர். திரும்பி வந்துவிட்டேன். யாரோ ஒருவர் அதை வாங்கியிருப்பார் என்பதுதான் இன்னமும் மனத்தை அரிக்கிறது.

பதிவு 1, மீண்டும்

இன்று இன்ஜினைத் திறந்தோம். பின் சிலிண்டரின் பிஸ்டன், ஒரு பக்கம் முழுதும் உரசித் தேய்ந்திருக்கிறது. அதன் கார்புரேட்டரைப் பிரித்தபோது, விரல் நகம் அளவுகூட இல்லாத வலை வடிகட்டி முழுவதும் பச்சைப் பசை. குழாய்கள் சாம்பல் நிறம்தான். மறுமொழி 2 எழுதியவருக்கு நன்றி. மூன்றாமவர் சொன்ன நீரும் அடியில் தேங்கி நிற்கிறது. பேரிங்கை நாளை பார்க்கிறோம்.