வீடியோவில் புரிகிறது, கரும்பலகை முன்னால் கை நடுங்குகிறது: என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோபிசெட்டிபாளையம் (கோபி) பக்கம் பத்தாவது படிக்கிற அக்கா மகளுக்காகக் கேட்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, அரசின் இணையக் கல்வித் தளமான திக்‌ஷாவில் பாடம் பார்க்கிறாள், பள்ளிக் கல்வித் துறையின் பாட வீடியோ செயலியான மணற்கேணியும் வைத்திருக்கிறாள். புரியாத இடத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்க முடிவது பெரிய வசதிதான். நாலு விடையில் ஒன்றைத் தொடுகிற கேள்விகளில் நல்ல மார்க். ஆனால் ஆசிரியர் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் அதே கணக்குக்குக் கை நடுங்குகிறதாம், சந்தேகமும் கேட்பதில்லை. மச்சான் போனையே பிடுங்கி வைத்துவிடலாம் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் இருந்தால் சொல்லுங்கள்: வீடியோ பார்த்த பிறகு தானே முதல் வரியிலிருந்து எழுதவும், கூச்சமில்லாமல் கேள்வி கேட்கவும் எப்படிப் பழக்குகிறீர்கள்? அப்புறம், கோபி, சத்தியமங்கலம் பக்கம் சேர்ந்து படிக்கிற பிள்ளைகள் இருந்தாலும் சொல்லுங்க, சனிக்கிழமை நானே கூட்டி வந்துவிடுகிறேன்.